தூண்டில் முள் கையில் ஏறினால்: கயாக்கிலும் கட்டுமரத்திலும் தனியாகப் போகிறவர்களுக்கு

வான்கூவரில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் சென்ற ஆண்டு ஒரு காணொளி அனுப்பியிருந்தான். கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் தனியாக அமர்ந்து ஒரு சால்மனைத் தூண்டிலில் பிடித்து, கைவலையால் தூக்கி மடியருகே போடுகிறான். மீன் ஒரு துள்ளு துள்ளியதும் முள் அதன் வாயிலிருந்து கழன்று கயாக்கின் ஓரத்தில் விழுகிறது. வீட்டில் எல்லாரும் மீனைப் பார்த்தார்கள். தேங்காப்பட்டணம் முதல் குளச்சல் வரையுள்ள ஊர்களிலிருந்து முள் ஏறிய கைகளோடு வருகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாக மருத்துவம் பார்க்கும் நான் அந்த முள்ளைத்தான் பார்த்தேன். அதில் எதிர்முள் இல்லை.

தூண்டில் முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கிச் சாய்ந்து நிற்கும் சிறு கூர்முனையைத்தான் எதிர்முள் என்கிறேன். உள்ளே போகும்போது தோலைப் பிளந்துகொண்டு எளிதாகப் போகும் அது, வெளியே இழுக்கும்போது சதையைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடலில் சால்மனுக்குத் தூண்டில் போடுகிறவர், எதிர்முள் இல்லாத முள்ளையோ அது நசுக்கப்பட்ட முள்ளையோதான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. மனிதனின் கைக்காகப் போட்ட விதி அல்ல அது. அளவு குறைந்த மீனையும், பிடிக்கக்கூடாத மீனையும் அதிகக் காயமின்றித் திரும்ப விடுவதற்காகப் போட்டது. ஆயினும் அதன் பலன் மீனோடு சேர்த்து மீன் பிடிப்பவனின் கைக்கும் கிடைக்கிறது.

நம் கடலில் சால்மன் கிடையாது. உணவகங்களில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கப்படுவது நம்முடைய காலா. மார்புத் துடுப்புக்குக் கீழே நான்கு மெல்லிய இழைகள் தொங்கும் வேறொரு குடும்பத்து மீன். ஆனால் கயாக்கில் சால்மனோடு போராடுகிறவனும் கட்டுமரத்தில் காலாவோடு போராடுகிறவனும் ஒரே ஆபத்தில்தான் இருக்கிறார்கள். மனிதன், துள்ளும் மீன், கூரிய முள் மூன்றும் ஒரு கை நீளத்துக்குள் கிடக்கின்றன. உதவிக்கு இன்னொரு கை இல்லை.

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், காலாவின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றும்போது மீன் தலையை உதற, முள் தம் பெருவிரலின் அடிச்சதையில் ஏறிவிட்டதாகச் சொல்லி மூன்றாம் நாள் வந்தார். மீன் அப்போதும் முள்ளிலேயே தொங்கிக்கொண்டிருந்ததாம். ஒவ்வொரு துள்ளலுக்கும் முள் ஆழமாக இறங்க, பொறுக்கமாட்டாமல் வந்த வழியே பிடுங்கியிருக்கிறார். கிழிந்த இடத்தில் டீசலைத் தடவித் துணி சுற்றியிருந்தார். "ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன் சாரே, எத்தனையோ முள்ளு எடுத்திருக்கேன்" என்றார். கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. சர்க்கரை நோயும் இருந்தது.

பிடுங்கியதற்காக அவரைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், ஒரு சிறுவனின் விரலில் ஏறிய முள்ளை மரத்துப்போகும் ஊசிகூடப் போடாமல் நானே பின்னோக்கி இழுத்திருக்கிறேன். முள் வரவில்லை, சதைதான் கூடாரம்போல் எழுந்தது. அவன் அலறல் கேட்டு வந்த மூத்த செவிலியர் என் கையைத் தட்டிவிட்டார்.

முறையாக எடுப்பது கடினமன்று. ஊசி போட்டு விரலை மரக்கச் செய்து, முள்ளின் வளைவையொட்டி முன்னோக்கியே தள்ளி, நுனியைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, எதிர்முள்ளைக் கத்தரித்துவிட்டால், மிச்சம் வந்த வழியே வழுக்கிக்கொண்டு திரும்பிவிடும். முள்ளின் வளைவில் நூலைக் கோத்து, தண்டைத் தோலோடு அழுத்திப் பிடித்து, வெடுக்கென்று ஒரே இழுப்பில் எடுக்கும் முறையும் உண்டு. அதற்குத் தேர்ந்த இன்னொருவர் வேண்டும். காது மடல்போல அசையும் உறுப்புகளுக்கு அது ஆகாது. பறக்கும் முள் அடுத்தவர் கண்ணில் படாதபடி அவர்களைத் தள்ளி நிறுத்தவும் வேண்டும்.

கடலில் தனியாக இருப்பவர் இவற்றில் எதையும் செய்ய வேண்டாம். முதலில் தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, வெட்டி மீனையும் கையையும் பிரித்துவிட வேண்டும். மீன் போனால் போகட்டும். முள் அசையாதபடி அதைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு கரைக்குத் திரும்புவது போதும். முள் கண்ணில் பட்டிருந்தால் தொடவே கூடாது. அழுத்தாமல் ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். மூட்டுக்குள் இறங்கிய முள்ளும், விரலை மடக்க முடியாமல் செய்த முள்ளும் அறுவை மருத்துவரின் வேலை.

முள்ளை எடுத்ததோடு விஷயம் முடிவதில்லை. டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் இப்படிப்பட்ட அழுக்குக் காயத்துக்கு மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். கடல் நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி, கல்லீரல் கெட்டவர்களையும், குடிப்பழக்கம் அல்லது சர்க்கரை நோய் உள்ளவர்களையும் ஓரிரு நாளில் சாவுக்கே கொண்டுபோய்விடக்கூடியது. காயத்தைச் சுற்றித் தோல் கருநீலமாகிக் கொப்புளம் எழும்பினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது. இதற்கு நேர்மாறாக, காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் மரினம் மிக மெதுவாக வேலை செய்யும். காயம் ஆறி வாரங்கள் கழிந்தபின் அதே இடத்தில் வலியற்ற கட்டியொன்று தோன்றி, கைமேல் வரிசையாக ஏறும். வழக்கமான மாத்திரைகளுக்கு அது அடங்காது; மாதக்கணக்கில் தனி மருந்து வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் "இந்த இடத்தில் தூண்டில் முள் ஏறியது" என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் கேட்க மறந்துவிடுகிறோம்.

அந்த மீனவரின் கை ஆற மூன்று வாரம் ஆயிற்று. கடைசி நாளில், எதிர்முள்ளை கட்டிங் பிளையரால் நசுக்கிவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். பொழுதுபோக்குக்காகக் கயாக்கில் இறங்கும் இளைஞர்களிடம் இதை வற்புறுத்துவேன். நாள் கூலி அந்த முள்ளில் தொங்குகிறவரிடம் கேட்கத்தான் முடியும். "மீனு போயிரும் சாரே" என்று சிரித்தார். தங்கூசியைத் தொய்யவிடாமல் இழுத்தால் போகாது என்றேன், நம்பவில்லை. பிளையரை மட்டும் வாங்கிக்கொண்டு, கட்டுமரத்தில் எங்கே கட்டினால் இடது கைக்கு எட்டும் என்று யோசிக்கத் தொடங்கினார். முள் ஏறியது வலது கையில்.