கன்டென்ட் ஆடிட்: எந்தச் சொல்லால் அழைப்பது?

மணலிப் பக்கம் பம்பு செய்கிற ஒரு கம்பெனி. அவர்களுடைய கையேடு, விலைப்பட்டியல், டீலர் நோட்டீஸ், மோட்டாரின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தித் தரும் வேலைக்குப் போயிருந்தேன். முதல் நாளே மேலாளர், “நாளைக்குக் கன்டென்ட் ஆடிட்” என்று எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் அலமாரிகள் பளிச்சென்று இருக்கின்றன. ஆடிட் என்றதும் பயந்துபோய், பழைய நோட்டீஸ்களையும் பழைய கையேடுகளையும் மூட்டை கட்டி பேப்பர் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு வேண்டியிருந்ததே அந்த மூட்டைதான்.

ஒரு சொல் செய்த வேலை இது. அதனால் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

‘ஆடிட்’ லத்தீனிலிருந்து வந்தது. மூலச் சொல்லுக்குக் கேட்டல் என்று பொருள். ஆடியோ, ஆடிட்டோரியம் எல்லாம் அதன் உறவு. கணக்கை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் கேட்டுச் சரிபார்த்த காலத்துப் பெயர். தமிழிலும் கணக்கைக் கேட்கத்தான் செய்கிறோம். 1972-ல் எம்.ஜி.ஆர். ‘கணக்குக் கேட்டார்’, தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார், அதற்குப் பிறகு அந்தத் தொடருக்கு இங்கே தனி வெயிட். கேட்பவருக்கு எதிரே இருப்பவர் கணக்குக் காட்ட வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலையில் நிற்க முடியாது. அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. பத்தாம் நூற்றாண்டிலேயே அந்தக் கறார்.

இன்று அலுவலகத் தமிழில் ஆடிட்டுக்கு வழங்குவது ‘தணிக்கை’. கேட்டால், ‘தணி’ என்பதோடு சேர்த்து, சூட்டைத் தணிப்பது போல என்று விளக்கம் சொல்வார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. வடசென்னைக்காரருக்கு வேறு வழி பக்கத்திலேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி தாண்டி தடா, சூளூர்ப்பேட்டை போனால், போலீஸ் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பதைத் தெலுங்கில் ‘தனிகீ’ என்கிறார்கள். கன்னடத்தில் ‘தனிகெ’ என்றால் விசாரணை. நம் தணிக்கையும் இந்தக் கச்சேரி மொழிக் குடும்பம்தான். பாட்டுக் கச்சேரி இல்லை, பழைய அரசு அலுவலகக் கச்சேரி.

தணிக்கையில் சிக்கல் வேறு இடத்தில். அதே சொல்லைத்தான் சினிமாவுக்கும் வைத்திருக்கிறோம். ‘உள்ளடக்கத் தணிக்கை’ என்று சொல்லிப் பாருங்கள். எதையோ வெட்டப்போகிறார்கள் என்றுதான் காதில் விழும். இலங்கைத் தமிழர் வழங்கும் ‘கணக்காய்வு’ அழகான சொல், ஆனால் அது பணத்தோடு ஒட்டியது. ‘சோதனை’ என்றால் ரெய்டு. ‘உள்ளடக்கப் பகுப்பாய்வு’ இதழியல் மாணவர்களின் ஆராய்ச்சி முறைக்கு ஏற்கெனவே போய்விட்டது.

‘கன்டென்ட்’டுக்கு ‘உள்ளடக்கம்’ நன்றாகவே பொருந்துகிறது. லத்தீன் மூலத்துக்கும் சேர்த்துப் பிடித்தல், உள்ளே கொள்ளுதல் என்றே பொருள். அடக்கம் செய்தல் என்று இன்னொரு பொருள் நமக்கு நினைவுக்கு வரலாம். பல கம்பெனிகளில் நடப்பதும் அதுதான். மண்ணடி அச்சகங்களில் இதற்கெல்லாம் ஒரே சொல், ‘மேட்டர்’. “மேட்டர் வந்துச்சா?” என்று கேட்டால் போதும்.

சரி, இந்த வேலையில் என்னதான் நடக்கிறது? இரண்டு படிகள். முதலில் இருப்பதையெல்லாம் பட்டியலிடுவது. சவுகார்பேட்டைக் கடைகளில் ஸ்டாக் எடுப்பது போல, எது எங்கே இருக்கிறது, யார் எழுதியது, எப்போது மாறியது என்று வரிசையாகக் குறிப்பது. அடுத்து, ஒரே விஷயம் பேசும் பகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. சில எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். சில இங்கே மட்டும்தான் இருக்கும். சிக்கலெல்லாம் ‘கிட்டத்தட்ட ஒன்று’ என்கிற ரகத்தில்தான்.

அந்தப் பம்பு கம்பெனியில் ஒரு கையேடு ‘மின்சாரத்தைத் துண்டிக்கவும்’ என்றது. நோட்டீஸ் ‘மெயினை ஆஃப் செய்யவும்’ என்றது. ஸ்டிக்கரில் ‘பவர் சப்ளையை நிறுத்தியபின்’. எழுதியவர்கள் மூன்று பேர், அவ்வளவுதான். சர்வீஸுக்குப் போகும் திருவொற்றியூர் அண்ணன் ஒருவர் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “இன்னா நைனா, மெயின் வேற, பவர் சப்ளை வேறயா? மூணு தபா ஆஃப் பண்ணணுமா?”

வேறுபாட்டுக்குக் காரணம் உண்டா என்பதே இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு பேஸ் மோட்டாருக்கும் மூன்று பேஸ் மோட்டாருக்கும் இணைப்பு முறை வேறு. அந்த வேறுபாடு இருந்தே ஆக வேண்டும். காரணமில்லாத வேறுபாடு என்றால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம். மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும்போது, ஒரே சேதிக்கு மூன்று வாக்கியம் என்றால் மூன்றுக்கும் கூலி.

எனவே முதல் படிக்கு ‘இருப்பெடுப்பு’, இரண்டாவதற்கு ‘இருப்பாய்வு’ என்று சொல்லிவருகிறேன். ‘இருப்பு’ என்றதும் தத்துவக்காரர்கள் இருத்தலியலுக்குப் போய்விடுவார்கள், போகட்டும். மளிகைக்கடைக்காரருக்குப் புரியும். யாரும் மூட்டை கட்ட ஓடமாட்டார்கள்.

ஆய்ந்த பிறகு வருவது ‘கன்டென்ட் மாடல்’. மாடலும் லத்தீன்தான், வேரில் அளவு என்ற பொருள். ‘மாதிரி’ என்று பெயர்த்தால் மாதிரி வினாத்தாள் போலச் சாம்பிள் ஆகிவிடுகிறது. ‘வார்ப்புரு’வைத் தமிழ் விக்கிப்பீடியா டெம்ப்ளேட்டுக்கு எடுத்துக்கொண்டது, அங்கே அது நிலைத்துவிட்டது. மாடல் என்பது, ஒரு செயல்முறைக் குறிப்பில் எச்சரிக்கை எங்கே வரும், கருவிகளின் பட்டியல் கட்டாயமா, படிகள் எந்த வரிசையில் என்று வகுக்கும் ஏற்பாடு. அதற்குச் ‘சட்டகம்’ என்பேன். படத்துக்குப் போடும் மரச்சட்டமும் சட்டம், கோர்ட்டு சொல்வதும் சட்டம். இது இரண்டுமாகவும் இருக்கிறது. இப்படிப்பட்ட சட்டகங்களில் பெயர்பெற்றது ஐபிஎம் உருவாக்கிய ‘டிடா’ (டார்வின் இன்ஃபர்மேஷன் டைப்பிங் ஆர்க்கிடெக்சர்). 2005-ல் ஓயாசிஸ் அமைப்பு அதைத் தரநிலையாக ஏற்றது. கருத்து, செயல், குறிப்பு என்ற வகைகளாக எழுத்தைப் பிரிக்கும். ஒரு வகையிலிருந்து இன்னொன்று பண்புகளைப் பெற்று வளரலாம் என்பதால் பெயரில் டார்வினும் இருக்கிறார்.

கடைசிச் சொல் ‘ரீயூஸ்’. இதை மறுசுழற்சி என்று எழுதுவது தவறு. காயலான் கடையில் பழைய சைக்கிளின் செயினைக் கழற்றி இன்னொரு சைக்கிளில் மாட்டினால் மறுபயன், உருக்கினால் மறுசுழற்சி. காப்பி-பேஸ்டும் மறுபயன் ஆகாது. ஒட்டிய நிமிடத்திலிருந்து நகல் தன் வழியில் போகும், மூலத்தைத் திருத்தினால் அதற்குத் தெரியாது. ஓரிடத்தில் வைத்து, வேண்டிய இடங்களிலெல்லாம் அதையே அழைத்துக்கொள்வதுதான் முறை.

ஈய எழுத்துக் காலத்து அச்சகங்களுக்கு இது புதிதில்லை. அடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்துக் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், போட்டுவிடுவார்கள். பில் புத்தகத் தலைப்பை மட்டும் பிரிக்காமல் கட்டியே வைத்திருப்பார்கள், அடுத்த ஆர்டர் வரும் என்று தெரியும். எதைப் பிரிப்பது, எதைக் கட்டி வைப்பது என்ற அந்தக் கணக்கு இப்போதும் கடினம். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித் துண்டாக்கினால் தேடியே சாக வேண்டும். அத்தியாயம் முழுவதும் ஒரே துண்டு என்றால் வேறெங்கும் பொருந்தாது.

மணலி வேலை முடிந்ததும் புது எச்சரிக்கையை அந்த அண்ணனிடம் காட்டினேன். ‘முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவும்.’ இனி கையேடு, நோட்டீஸ், ஸ்டிக்கர் மூன்றிலும் இதே வரி. படித்துவிட்டுச் சொன்னார்: “இப்ப ஓகே நைனா. ஆனா அந்த சுவிட்சு எங்க கீதுன்னு போடலியே?”

சட்டகத்தில் ‘இடம்’ என்றொரு கட்டத்தை அன்று மாலையே சேர்த்தோம்.