வாடகை குறைவு என்று நம்பி விளிம்புக்குப் போகாதீர்கள்

வேலை மாற்றலாகி வேறு நகரத்துக்கு வரும் குடும்பங்களுக்கு வீடு பார்த்துத் தருவது என் தொழில். குடியேறிய பிறகு யோசனை கேட்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபமும் வருத்தமும் ஒன்றாக வருகின்றன. “வாடகை குறைவு என்றுதான் அங்கே போனோம் சார். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை.”

சென்ற வாரமும் ஒரு தம்பதி இப்படித்தான் வந்தார்கள். நகரத்தின் விளிம்பில் வீடு. வாடகை வருமானத்தில் 21 சதவீதம்தான். மற்றவற்றையும் எழுதச் சொல்லித் தாளையும் பென்சிலையும் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். கணவருக்கு ஒரு வண்டி, தனக்கு ஒரு வண்டி, இரண்டுக்கும் தவணை, எரிபொருள், பிள்ளைகளின் பள்ளி வாகனக் கட்டணம், கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட இரவுகளில் டாக்சி. கூட்டிப் பார்த்தால் போக்குவரத்துக்கு மட்டும் 27 சதவீதம். “நமக்குக் கட்டுப்படியாகாது” என்று அவர்கள் முதலில் ஒதுக்கிய பகுதியில் வாடகை 32 சதவீதம் ஆகியிருக்கும். ஆனால் பள்ளிக்கும் மனைவியின் அலுவலகத்துக்கும் அங்கிருந்து நடந்தே போகலாம். போக்குவரத்து 9 சதவீதத்தில் முடிந்திருக்கும். 48 எங்கே, 41 எங்கே! இப்போது மாறலாம் என்றால் ஒப்பந்தக் காலம் பாதிகூட முடியவில்லை; முன்பணத்தில் கை வைப்பார்கள்.

இதற்கெல்லாம் வேர் ஒரே ஒரு நம்பிக்கை: “வாடகை 30 சதவீதத்துக்குள் இருந்தால் போதும்.” படித்தவர்கள், கணக்குத் துறையிலேயே வேலை பார்ப்பவர்கள்கூட இதை வேதவாக்காகச் சொல்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் வசித்த ஏழைகளிடம் அளவுக்கு மீறி வாடகை வாங்கக் கூடாது என்று செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த சட்டத் திருத்தம், 1969இல் வருமானத்தில் 25 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. 1981இல் அதை 30 ஆக உயர்த்தினார்கள். எளியவர்களிடம் அரசு எவ்வளவு வாடகை கேட்கலாம் என்பதற்கு வைத்த வரம்பு அது. உங்கள் குடும்பம் எந்தப் பகுதியில் வாழலாம் என்று தீர்மானிக்க அதை யாரும் வகுக்கவில்லை. அலுவலகம் எத்தனை தூரம், பள்ளி எத்தனை தூரம் என்று அது கேட்பதே இல்லை.

சிகாகோவைச் சேர்ந்த சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு வேறு விதமாக அளக்கிறது. வீட்டுச் செலவும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் அளவுகோல். கடனோ தொடர் மருத்துவச் செலவோ இருப்பவர்கள் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். எண் முன்பின் ஆகட்டும். இரண்டையும் சேர்த்துக் கூட்டுங்கள், அதைத்தான் மன்றாடிக் கேட்கிறேன்.

நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்றால், மாதம் 22 வேலை நாட்களில் 66 மணி நேரம் சாலையிலேயே போகிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பும் தந்தைக்கு அந்தக் குறைந்த வாடகையால் என்ன பயன்?

ஒரு பகுதியில் வாடகை குறைவு என்றால் அதற்குக் காரணம் இருந்தே தீரும். பழைய கட்டடம், லிஃப்ட் இல்லை, பகுதியின் பெயர் பிரபலமாகவில்லை என்பவை நல்ல காரணங்கள், தாராளமாகப் போகலாம். மழைநீர் தேங்குவது, தொழிற்சாலை நாற்றம், இரவில் திரும்பி வர வண்டி இல்லாதது ஆகியவற்றைத் தரகர் வாய் திறந்து சொல்ல மாட்டார். சுவரைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை மட்டும் புது வண்ணம் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மின்மீட்டரையும் பிளக் பாயிண்ட்களையும் வழக்கத்தைவிட உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்களா, கதவு நிலையின் அடிமரம் ஊறி உப்பியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அக்கம்பக்கத்தில் நெடுநாள் குடியிருப்பவரிடம் “தண்ணீர் வருமா?” என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சொல்வார். “மழைக்கு எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது?” என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

“பிள்ளைகள் எங்கே போட்டாலும் வளர்ந்துவிடுவார்கள்” என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1994இல் தொடங்கி அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் ஏறக்குறைய 4,600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த பகுதிகளில் குடியேற வாடகை உதவி கொடுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து ராஜ் செட்டி, நேத்தனியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் அந்தப் பிள்ளைகளின் வருமானத்தை ஆராய்ந்தார்கள். 13 வயதுக்கு முன்பே அந்த உதவியில் இடம் மாறியவர்கள், இருபதுகளின் நடுவில் சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதற்குப் பிறகு மாறியவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. கடும் வறுமை நிறைந்த குடியிருப்புகளில் நடந்த ஆய்வு அது. எண்ணை அப்படியே உங்கள் வீட்டுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், அறைகளின் அளவைச் சுருக்கியாவது நல்ல பகுதியாகப் பிடியுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். கூடுதலாக ஒரு அறை வேண்டும் என்று ஏழு பஸ் நிறுத்தம் தள்ளிப் போகாதீர்கள்.

வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள். அன்று எந்தச் சாலையும் நன்றாகத்தான் இருக்கும். வேலை நாளில், நீங்கள் அலுவலகம் கிளம்ப வேண்டிய அதே நேரத்தில், அந்த வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒரு முறை போய்ப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடங்கள். உங்கள் மனைவியோ மகளோ உடன் நடக்கட்டும், தெருவிளக்கைப் பற்றி அவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு. கணவர் முன்னால் வந்து தன் அலுவலகத்தை மட்டும் மையமாக வைத்து வீடு பிடித்துவிடுவது என்ன நியாயம்? வயதான பெற்றோர் உடன் வருகிறார்கள் என்றால் மருந்துக்கடையும் மருத்துவரும் அவர்கள் நடக்கும் தூரத்தில் இருக்கட்டும்.

“எங்கள் தெருவுக்கே வந்துவிடுங்கள்” என்று உறவினர்கள் அன்போடுதான் அழைப்பார்கள். அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு மேலே சொன்ன கூட்டலைப் போடுங்கள்.

நகரம் பழகும் வரை குறுகிய கால ஒப்பந்தம் போதும்; வாடகை கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. வந்த ஆண்டிலேயே வீடு வாங்கும் பேச்சு வேண்டாம். ஒப்பந்தத்தில் இடையில் வெளியேறும் விதியையும் ஆண்டுதோறும் வாடகை எவ்வளவு ஏறும் என்பதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு, புகைப்படத்தை நம்பி, “இன்றே அனுப்பாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்” என்ற குரலுக்குப் பயந்து முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். நேரில் வர முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரை அனுப்பி வீட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் பார்த்துச் சொல்லும் வரை பணம் உங்களிடமே இருக்கட்டும்.