மிசெஜனேஷன்: தேர்தலுக்காகச் செய்த சொல்லும் நம் 'கலப்பின'மும்

அமெரிக்கத் தேர்தல் பற்றித் தமிழில் எழுதுபவர்களிடம் ஒரு சொல் தொற்றிக்கொண்டிருக்கிறது: கலப்பினம். கமலா ஹாரிஸ் 'கலப்பின வேட்பாளர்', ஒபாமா 'கலப்பினத் தம்பதியின் மகன்', அங்கே வாக்காளர்களை உறுத்துவது 'கலப்பினத் திருமணம்'. 2024 தேர்தல் நேரத்தில் இதைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. நம் ஊரில் கலப்பினம் என்பது கால்நடை மருந்தகத்துச் சுவரில் எழுதியிருக்கும் சொல். ஜெர்சி கலப்பினப் பசு, கலப்பினக் கிடாரி, வேளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும் என்ற பேச்சில் வருவது. அதைத் தூக்கி மனிதர் மேல் ஒட்டலாம் என்று யார் முடிவு செய்தார்கள்?

இந்தக் குழப்பத்தின் ஒரு முனை, வெவ்வேறு இனத்தவர் மணந்து கலப்பதைக் குறிக்கும் மிசெஜனேஷன் என்ற ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது. லத்தீனில் 'மிஸ்கேரே' கலத்தல், 'கெனுஸ்' இனம் அல்லது வகை. இரண்டையும் சேர்த்தால் மிசெஜனேஷன். பார்ப்பதற்கு ஏதோ பழைய உயிரியல் சொல் போலத் தெரியும். ஆனால் இது நியூயார்க்கில் 1863 டிசம்பர் கடைசியில், ஆசிரியர் பெயரே போடாமல் வெளிவந்த ஒரு சிறுநூலில் பிறந்த சொல். தேர்தலுக்காகவே செய்யப்பட்டது.

வெள்ளையரும் கருப்பரும் மணந்து கலப்பதுதான் அமெரிக்காவின் எதிர்காலம், அதைக் குடியரசுக் கட்சி தன் கொள்கையாகவே அறிவிக்க வேண்டும் என்று அந்த நூல் வாதாடியது. படிப்பவர்கள், அடிமை ஒழிப்பில் தீவிரமான யாரோ எழுதியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். எழுதியவர்களோ ஜனநாயகக் கட்சியை ஆதரித்த 'நியூயார்க் வேர்ல்ட்' நாளேட்டின் நிர்வாக ஆசிரியர் டேவிட் குட்மன் குரோலியும், அதே ஏட்டின் செய்தியாளர் ஜார்ஜ் வேக்மனும். 1864 நவம்பரில் குடியரசுக் கட்சிக்காரரான குடியரசுத் தலைவர் லிங்கன் மறுபடி தேர்தலைச் சந்திக்க வேண்டும். இந்தக் கொள்கையை அவர் தலையில் கட்டிவிட்டால் வெள்ளை வாக்காளர்கள் மிரண்டு ஓடுவார்கள் என்பது கணக்கு.

எவ்வளவு நுணுக்கமாகச் செய்தார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1863 ஜூலையில்தான் நியூயார்க்கில் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. கருப்பர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். கலவரக் கும்பலில் ஐரிஷ் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஐரிஷ்காரர்களும் கருப்பர்களும் மணந்துகொள்வது இரு சாராருக்குமே நல்லது என்று அந்த நூல் தனியாகப் பாடம் நடத்தியது. யாரைச் சீண்டுவதற்காக எழுதியது என்று தனியே விளக்க வேண்டியதில்லை. அப்புறம் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணியினருக்குப் பிரதிகள் அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். சிலர் நல்ல மனதோடு ஆதரவாகவே பதில் போட்டார்கள். லிங்கனுக்கும் ஒரு பிரதி போனது. அவர் அதில் சிக்கவில்லை. 1864 பிப்ரவரியில் ஒகையோ மாநில உறுப்பினர் சாமுவேல் காக்ஸ் பிரதிநிதிகள் சபையிலேயே இந்த நூலைக் காட்டி, இதுதான் குடியரசுக் கட்சியின் உள்நோக்கம் என்று தாக்கினார். கேலிச்சித்திரங்கள் வந்தன. எல்லாம் புரளி என்பது நவம்பரில்தான் வெளியே வந்தது. குடியரசுத் தலைவரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்குக் கணக்கில் லிங்கன் 212க்கு 21 என்று வென்றார். புரளி தோற்றது, சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

சொல்லைச் செய்தவர்கள் ஏன் செய்தோம் என்று நூலிலேயே எழுதியிருக்கிறார்கள். அதுவரை இதற்குப் புழங்கிய சொல் அமால்கமேஷன். அது பாதரசத்தோடு உலோகத்தைச் சேர்ப்பதற்கான சொல்; பல் மருத்துவர் குழியில் அடைக்கும் இரசக்கலவை அந்த வகைதான். மனிதருக்கு அது பொருந்தாது, அறிவியல் மணம் வீசும் சொல் வேண்டும் என்றார்கள். கிரேக்கத்திலிருந்து கருப்பையும் வெள்ளையையும் சேர்த்து 'மெலலூக்கேஷன்' என்றுகூட ஒன்று செய்து பார்த்தார்கள். அது எடுபடவில்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். மிசெஜனேஷனுக்கு 'இனக்கலப்பு' என்று எழுதுகிறார்கள். உறுப்பு உறுப்பாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது: கெனுஸ் இனம், மிஸ்கேரே கலப்பு. அதனாலேயே அதை ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் ஒதுக்க வேண்டும் என்கிறேன். குற்றம் சாட்டுபவன் வாயில் அது சரி. காக்ஸ் சபையில் பேசியதை மொழிபெயர்க்கும்போது 'இனக்கலப்பு' என்றே எழுதுங்கள். இரண்டு பேர் விரும்பி மணந்துகொண்டதைச் சொல்லும்போது அது எதற்கு? நமக்கு இந்த அச்சம் புதிதும் இல்லை. வர்ணசங்கரம் என்ற பெயரில் நூற்றாண்டுக் கணக்காகப் பார்த்ததுதான். குலம் கலந்துவிடும், தூய்மை கெட்டுவிடும் என்று பெண்களைக் காவல் காத்த அதே புத்திதான் அங்கே நிறத்தின் பெயரில் நடந்தது.

'கலப்பு என்ன கெட்ட சொல்லா, நெஞ்சங்கள் கலந்தன என்று பாடிய மொழியல்லவா' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே கலந்தவை நெஞ்சங்கள். இனக்கலப்பில் கலப்பவை இனங்கள். ஆணும் பெண்ணும் அதில் வெறும் கலன்கள். காதலுக்குச் சொன்ன வினையையும் ரத்தத்துக்குச் சொன்ன பெயரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

'கலப்பினத் திருமணம்' அதைவிட மோசம், இலக்கணப்படியே தவறு. கலப்பினம் என்பது இரண்டு வகையைச் சேர்த்துப் பிறந்த வகை. அப்படியானால் கலப்பினத் திருமணம் என்றால் கலந்து பிறந்தவர்கள் செய்துகொள்ளும் திருமணம் என்றாகிறது. கமலா ஹாரிஸின் தாய் ஷியாமளா கோபாலன் சென்னையில் பிறந்த தமிழ்ப் பெண். தந்தை டொனால்ட் ஹாரிஸ் ஜமைக்காக்காரர். 1963ல் மணந்துகொண்டார்கள். இதில் கலப்பினம் எங்கே வந்தது?

சரி, வெறுமனே 'கலப்புத் திருமணம்' என்று போட்டால் என்ன? தமிழ்நாட்டில் அந்த இடம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. கலப்புத் திருமணச் சான்றிதழ் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்குகிறோம். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டமே இருக்கிறது. எல்லாம் சாதி சார்ந்தவை. ஒபாமாவின் பெற்றோர் கலப்புத் திருமணம் செய்தவர்கள் என்று படிக்கிறவர் ஒரு நொடி தடுமாறத்தான் செய்வார். பெரியார் வழியினர் அந்தச் சொல்லையே ஏற்காமல் 'சாதி மறுப்புத் திருமணம்' என்றார்கள். மிகச் சரியான சொல், ஏனென்றால் அங்கே சாதியை மறுப்பதுதான் செயல். அதைப் பார்த்து 'இன மறுப்புத் திருமணம்' என்று ஒன்றை இப்போது கொண்டுவருகிறார்கள். இது ஒத்துவராது. கருப்பினப் பெண்ணை மணந்த வெள்ளையர் அவள் கருப்பினத்தவள் என்பதை மறுக்கவில்லை, அவளும் மறுக்கவில்லை. ஈழத்து வாசகருக்கு இன மறுப்பு என்றால் ஓர் இனத்தின் இருப்பையே இல்லையென்று சொல்வதாகத்தான் காதில் விழும். 'இனங்களுக்கு இடையிலான திருமணம்' என்பது இரண்டு நாடுகள் போட்ட உடன்படிக்கை போல இருக்கிறது. மணப்பது இரண்டு பேர்.

நான் எழுதுவது 'இனங்கடந்த திருமணம்'. கடந்தவர்கள் யார், கடந்த கோடு எது என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு 'ஈரின மரபினர்' போதும். அதுவும் தேவையில்லாத இடமே அதிகம்: தமிழ்த் தாய்க்கும் ஜமைக்கத் தந்தைக்கும் பிறந்தவர் என்று நேராகச் சொன்னால் யாருக்கும் புரியும். இலங்கையில் பறங்கியர் என்று ஒரு சமூகத்துக்குப் பெயர் வைத்தபோதுகூட யாரும் மாட்டுத் தொழுவத்துச் சொல்லைத் தேடிப் போகவில்லை.

இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், வேட்பாளர்களை வீழ்த்த இந்தக் குழப்பத்தையே கருவியாக்கியிருக்கிறார்கள். கென்டக்கிக்காரர் ரிச்சர்ட் மென்டர் ஜான்சன் 1836ல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்றார். அவர் வீட்டில் அடிமையாக இருந்த ஜூலியா சின்னைத் தன் மனைவியாகவே நடத்தியவர். இரண்டு மகள்களுக்கும் தன் பெயரைக் கொடுத்தார், படிக்க வைத்தார், சொத்தும் கொடுத்தார். சட்டம் அவர்களை மணக்க விடவில்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ பண்ணை முதலாளிகள் அடிமைப் பெண்களிடம் பிள்ளை பெற்றுக்கொண்டு வாய்மூடி இருந்தார்கள். அவர்களை ஊர் ஒன்றும் சொல்லவில்லை. ஜான்சன் ஒளிக்கவில்லை என்பதுதான் குற்றம். ஜூலியா 1833லேயே காலராவில் இறந்துவிட்டார், அப்போதும் விடவில்லை. வர்ஜீனியாவின் தேர்வாளர்கள் குடியரசுத் தலைவர் பதவிக்கு அதே கட்சியின் வான் பியூரனுக்கு வாக்களித்துவிட்டு ஜான்சனுக்கு மட்டும் மறுத்தார்கள். ஒரே ஒரு வாக்கில் பெரும்பான்மை தவறி, செனட் சபை வாக்கெடுத்துத்தான் பதவிக்கு வந்தார். இதைத் தமிழில் 'கலப்பினத் திருமணம் செய்தவர்' என்று எழுதினால் வரலாறே திரிந்துபோகிறது. திருமணத்துக்கே வழியில்லாத இடத்தில் திருமணம் என்று எழுதுகிறோம்.

லிங்கனையே பாருங்கள். 1858ல் இலினாய் மாநிலத்து சார்ல்ஸ்டனில் செனட் தேர்தல் எதிராளி டக்ளஸோடு விவாத மேடை ஏறியபோது, ஒரு கருப்பினப் பெண் எனக்கு அடிமையாக வேண்டாம் என்பதால் மனைவியாக வேண்டும் என்று ஆகிவிடாது என்று சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. கருப்பரும் வெள்ளையரும் மணப்பதைத் தடுக்கும் மாநிலச் சட்டத்துக்குக் கடைசிவரை கட்டுப்படுவேன் என்றும் சொன்னார். அடிமை முறை பற்றி விவாதிக்க வந்தவரைப் படுக்கையறை பற்றிப் பதில் சொல்ல வைத்த உத்தி இது.

2006ல் டென்னசி செனட் தேர்தலிலும் இதே கைவரிசைதான். கருப்பின வேட்பாளர் ஹரால்ட் ஃபோர்டுக்கு எதிரான தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு வெள்ளைப் பெண் கண்ணடித்து, 'ஹரால்ட், என்னைக் கூப்பிடு' என்கிறாள். இனம் என்ற சொல்லே அதில் இல்லை. ஃபோர்டு சிறு வித்தியாசத்தில் தோற்றார். விளம்பரத்தால்தான் தோற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கண்ணடிப்பு யாரை நோக்கியது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இதைப் பற்றி எழுதும்போது 'கலப்பினக் காதலைக் காட்டிய விளம்பரம்' என்று போட்டால் விளம்பரத்தைச் செய்தவர்களின் வேலையை நாமே முடித்துக் கொடுக்கிறோம். 'இனக்கலப்புப் பூச்சாண்டி காட்டிய விளம்பரம்' என்று எழுத வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்களிடம் என் மனத்தாங்கல் இதுதான்: அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். சொன்னது யார், எந்தப் பக்கத்திலிருந்து என்று பார்ப்பதில்லை. வர்ஜீனியாவில் வெள்ளையரான ரிச்சர்ட் லவிங்கும் கருப்பினப் பெண்ணான மில்ட்ரெட் லவிங்கும் மணந்துகொண்டதற்காக 1958ல் இரவில் படுக்கையறையிலேயே கைது செய்யப்பட்டதும், 1967 ஜூன் 12ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்ததும் தமிழில் பலமுறை எழுதப்பட்டிருக்கின்றன. அவர்கள் மணத்தைக் குற்றமாக்கிய சட்டத்தை 'கலப்பினத் தடைச் சட்டம்' என்று எழுதுகிறார்கள், ஏதோ விதைக் கட்டுப்பாடு மாதிரி. தடுத்தது திருமணத்தை. 'இனங்கடந்த மணத் தடைச் சட்டம்' என்று எழுதுங்கள். அலபாமா தன் அரசமைப்பிலிருந்து அந்தத் தடையை நீக்க 2000ல்தான் வாக்கெடுப்பு நடத்தியது. அப்போதும் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் தடை இருக்கட்டும் என்றார்கள்.