இரைச்சலுக்காக எர்த் பின்னை வெட்டாதீர்கள்

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு ரெக்கார்டு பிளேயர் பார்க்கப் போயிருந்தேன். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கை உருவியதும் திக்கென்றது. மேலே இருக்க வேண்டிய பெரிய பின்னை, அதாவது எர்த் பின்னை, அடியோடு அறுத்து எடுத்திருந்தார்கள்.

"ம்ம்ம்னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு தம்பி. மெக்கானிக் இதை வெட்டினதும் குறைஞ்சிருச்சு. ஆனா கைவச்சா சுரீர்ங்குது" என்றார். மறுபடி ஆன் செய்து, ஆம்பின் உடம்பில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது.

உள்ளே எங்காவது கரண்ட் கசிந்தால், ஃபியூஸ் போகவும் டிரிப் விழவும் வழிசெய்வது அந்தப் பின்தான். அது இல்லையென்றால் கரண்ட் உங்கள் உடம்பு வழியாகப் போகும். இந்தச் சத்தத்துக்கு அந்த விலை வேண்டவே வேண்டாம்.

ரெக்கார்டில் மட்டும் ஏன் இவ்வளவு இரைச்சல் என்று பலரும் கேட்கிறார்கள். ஊசி மாட்டியிருக்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது நாலைந்து மில்லிவோல்ட்தான். ஆம்ப் அதைச் சுமார் 100 மடங்கு பெருக்குகிறது. போதாததற்கு, தட்டில் பாஸை, அதாவது கனத்த தாழ்ந்த ஒலியை, குறைத்துத்தான் பதிந்திருப்பார்கள். கேட்கும்போது அதைத் தூக்கிவிட வேண்டும். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் இந்தத் தூக்கல் மட்டும் ஏழு மடங்கு. துளி கரண்ட் ஒயரில் ஒட்டினாலும் ஸ்பீக்கரில் உறுமும்.

சரி, ஆசிரியர் வீட்டுக்கு வருவோம். முதலில் புது பிளக் மாட்டினேன். சத்தம் முழுசாகத் திரும்பி வந்தது. செலக்டரை ரெக்கார்டிலிருந்து டிவிக்குத் திருப்பினேன். குறைந்தது, ஆனால் போகவில்லை. அப்படியென்றால் கோளாறு இரண்டு. ரெக்கார்டில் மட்டும் கேட்பது பிளேயர் பக்கம், எல்லாவற்றிலும் கேட்பது வெளியிலிருந்து வருவது.

பிளேயரைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் மெல்லிய ஒயர் ஒன்று, நுனியில் கவட்டை மாதிரி தகடு, ரப்பர் பேண்டு போட்டு அப்படியே சுருட்டிக் கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதை மாட்டவே இல்லை! ஆம்பை அணைத்துவிட்டு, பின்பக்கம் கிரவுண்ட் என்று போட்டிருந்த திருகில் அதைச் செருகி முடுக்கினேன். முக்கால்வாசி போய்விட்டது. ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மைத் தொட்டால் உங்கள் வீட்டில் இரைச்சல் குறைகிறதா? முதலில் இந்த ஒயரைத் தேடுங்கள்.

மிச்சம் இருந்தது கேபிள் டிவியின் வேலை. மொட்டை மாடிகளில் தாவித் தாவி வரும் அந்தக் கேபிளின் வெளிக்கம்பியில், பல வீட்டுப் பெட்டிகளின் கசிவு சேர்கிறது. அது டிவி, ஆடியோ ஒயர், ஆம்ப் என்று நுழைந்து எர்த்துக்கு இறங்கும் வழியில்தான் சத்தம் உண்டாகிறது. பின்னை வெட்டியதும் இறங்க வழியில்லாமல் ஆம்பின் உடம்பிலேயே நின்றது. ஆசிரியருக்குச் சுரீரென்றது அதுதான். எல்லாவற்றையும் அணைத்து, கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்தோம்; நிசப்தம். அப்புறம் டிவிக்கும் ஆம்புக்கும் நடுவே ஒரு ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன்; இரண்டு பக்க ஒயரும் நேரடியாகத் தொடாமல் பாட்டை மட்டும் கடத்தும் சின்னப் பெட்டி அது. இரண்டிலும் ஆப்டிகல் சாக்கெட் இருந்தால் இதுகூடத் தேவையில்லை. ஆப்டிகல் ஒயரில் வெளிச்சம்தான் போகும், கரண்டே போகாது.

சில வீடுகளில் ஆம்பின் மேலேயே பிளேயரை வைத்திருப்பார்கள். கீழே ஆம்புக்குள் இருக்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மர், மேலே கார்ட்ரிட்ஜ். உறுமாமல் என்ன செய்யும்? இரண்டடி தள்ளி வைத்துப் பாருங்கள்.

பிளக்கில் எர்த் பின் இருந்தும் ஆம்பின் உடம்பில் டெஸ்டர் எரிந்தால், பெரும்பாலும் உங்கள் சாக்கெட்டுக்கே எர்த் வரவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்யும்வரை ஆம்பைப் போடாதீர்கள்.