தரையைச் சூடாக்கும் பைப்பில் குடிதண்ணீர் விடலாமா?

தேவிகுளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அருகே ஒரு ரிசார்ட்டில் அறைத் தரையைச் சூடாக்கப் பதித்ததுபோக ஒரு பைப் சுருள் மிஞ்சிக் கிடக்கிறதாம். மேட்டு ஓடையிலிருந்து வீட்டுக்கு வரும் கறுப்பு ஓஸை எடுத்துவிட்டு அதைப் போடலாமா? "ஃபாரின் பைப்பு, ஒண்ணும் ஆகாது" என்கிறார் பிளம்பர்.

சுருளில் இருப்பது பெரும்பாலும் பெக்ஸ். பாலித்தீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துச் செய்தது, சுடுதண்ணீருக்கு அசையாது. தரைக்கான பைப்பில் கூடுதலாக ஒரு மெல்லிய படலமும் உண்டு: இ.வி.ஓ.எச். என்ற வேறொரு பிளாஸ்டிக். இந்தப் படலம் வந்த காரணம்தான் எனக்கு அலுக்கவே அலுக்காதது.

தரைக்கடியில் சுற்றுவது ஒரே தண்ணீர். அதில் கரைந்திருந்த ஆக்சிஜனைக் கொதிகலனின் இரும்பு கொஞ்ச நாளில் தின்று தீர்த்துவிடும்; அதோடு துரு நிற்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் பைப் போட்ட இடங்களில் நிற்கவில்லை. பைப்பில் ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. ஆக்சிஜன் பைப்பின் சுவர் வழியாகவே உள்ளே வந்துகொண்டிருந்தது.

சுவரில் ஓட்டை எதுவும் இல்லை. பாலித்தீன் சங்கிலிகள் ஓயாமல் நெளிகின்றன. கணநேரம் ஒரு சந்து திறக்கிறது, மூடுகிறது. தைப்பூசக் கூட்டத்தில் சிறுவன் நுழைந்து போவதுபோல, ஆக்சிஜன் மூலக்கூறு பிளாஸ்டிக்கில் கரைந்து, சந்துக்குச் சந்து தாவி மறுபக்கம் போய்விடும். உள்ளே தண்ணீர் 2 பார் அழுத்தத்தில் வெளியே தள்ளிக்கொண்டிருக்க, எதிர்த்திசையில் எப்படி வருகிறது? ஆக்சிஜனுக்குத் தண்ணீரின் அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை. வெளியே காற்றழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு 0.21 பார், உள்ளே ஏறக்குறைய பூஜ்யம். அந்த வித்தியாசம் மட்டும்தான் கணக்கு.

இ.வி.ஓ.எச். சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் நெளிய இடமில்லை. 40 டிகிரியில், ஒரு சதுர மீட்டர் பரப்பில், நாளொன்றுக்கு 0.32 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் புகக்கூடாது என்கிறது ஜெர்மனியின் டின் 4726 தரம். நனைந்தால் இந்தப் பிடி தளரும். அதனால்தான் படலத்தைத் தண்ணீர் தொடாதபடி வெளிப்புறத்திலோ நடு அடுக்கிலோ வைக்கிறார்கள்.

ஓடைத் தண்ணீரில் ஏற்கெனவே ஆக்சிஜன் நிறைந்திருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் இந்தப் படலத்தால் லாபமும் இல்லை, கெடுதலும் இல்லை.

கவலை வேறு. பிளாஸ்டிக்கில் இருப்பதும் தண்ணீருக்குள் வரும். பெராக்சைடு முறையில் பிணைத்த பெக்ஸில் டெர்ட்-பியூட்டனால் போன்ற மிச்சங்கள் தங்கும். எல்லா வகையிலும், பிளாஸ்டிக் கெடாமலிருக்க, ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் கலந்திருக்கும். குடிநீர் பைப் என்றால் எது எவ்வளவு இறங்குகிறது என்று சோதித்தாக வேண்டும். தரைச் சூட்டுத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, எனவே அங்கே அந்தச் சோதனைக்குக் கட்டாயமில்லை. பைப்பின் மேல் அச்சடித்த வரியைப் படியுங்கள். அமெரிக்க முத்திரையானால், என்.எஸ்.எஃப். (NSF) என்ற சோதனை அமைப்பின் பெயரோடு 'பி.டபிள்யூ.' (pw) இருந்தால் குடிநீருக்குச் சோதித்தது, 'ஆர்.எஃப்.எச்.' (rfh) மட்டும் என்றால் தரைக்கு மட்டும். இரண்டும் சேர்ந்த பைப்புகளும் உண்டு. தண்ணீருக்குச் சக்தி ஏற்றுமென்று ஆயிரக்கணக்கில் கொடுத்துக் காந்தம் மாட்டுகிறவர்கள், காந்தம் மாட்டிய அதே பைப்பின் அச்சை ஒருநாளும் படிப்பதில்லை என்பது என் தீராத எரிச்சல்.

ஏற்கெனவே ஓடிய பைப்பானால் பேச்சே வேண்டாம். துருத்தடுப்பு மருந்தும், தண்ணீர் உறையாமலிருக்கக் கலக்கும் கிளைக்காலும் சுவரில் ஊறியிருக்கலாம்.

அழுத்தம் பயமில்லை. 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ 1 பார்தான்; ஐ.எஸ்.ஓ. 15875 தரமுள்ள பெக்ஸோ 20 டிகிரித் தண்ணீரில் 10 பாரை 50 ஆண்டு தாங்க வேண்டும். வெயில்தான் பகை. தேயிலைச் சரிவில் திறந்து கிடந்தால் பெக்ஸ் சில மாதங்களிலேயே நொறுங்கத் தொடங்கும். உங்கள் பழைய ஓஸ் கறுப்பாக இருப்பது அதில் கலந்த கரித்தூளால்; புற ஊதாக் கதிரை அது விழுங்கிக்கொள்கிறது. எனவே ஓடையிலிருந்து டேங்க் வரை ஓஸே இருக்கட்டும்.

குடிநீர் முத்திரை இருந்தால் புதுச் சுருளை வீட்டுக்குள், சுவருக்குள் ஓட்டலாம். தரைக்கான பைப் வழக்கமாக 16 மில்லிமீட்டர், உள்விட்டம் 12 தான். வழி குறுகலானதால், ஒவ்வொரு டேப்புக்கும் தனித்தனி பைப்பாக இழுங்கள்.