கொலஸ்டிரால்: கொழுப்பா, கெட்டிப் பித்தமா?

மதுரையில் லேப் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் "கொழுப்பு எவ்வளவுண்ணே இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். கேட்பது கொலஸ்டிராலை. 'கொழு' என்பது செழித்துத் திரள்வது. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது. வாய்த்துடுக்குக்கும் இங்கே அதே சொல்தான்.

கொலஸ்டிராலோ கிரேக்கச் சரக்கு. 'கோலே' என்றால் பித்தநீர், 'ஸ்டீரியோஸ்' என்றால் கெட்டி. 18ஆம் நூற்றாண்டில் பித்தப்பைக் கல்லிலிருந்து பிரித்தெடுத்த பொருள் என்பதால் வந்த பெயர். ஆல்கஹால் வகை என்று பிறகு தெரியவரவே, 'ஆல்' என்ற விகுதி ஒட்டிக்கொண்டது.

கொழுப்பு எரிந்து உடம்புக்குத் தெம்பு தரும். கொலஸ்டிரால் அப்படி எரியாது. அதில் பெரும்பங்கை ஈரலே செய்துகொள்கிறது. 'கொழுப்பு' என்று பேர் வைத்துவிட்டதால் நம் ஆட்கள் முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்கிவிட்டு, வனஸ்பதி போட்டு முறுகவிட்ட பரோட்டாவை இரண்டாகப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைப்பார்கள். ஒரு மஞ்சள் கருவில் ஏறக்குறைய 185 மில்லிகிராம் கொலஸ்டிரால் உண்டுதான். ஆட்டு மூளை என்றால் 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டும். அதை அளவோடு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் எல்.டி.எல். எனும் 'கெட்ட' கொலஸ்டிரால் ஏறுவது, நெய் போல உறையும் கொழுப்புகளில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பாலும், வனஸ்பதி போன்றவற்றில் இருக்கக்கூடிய டிரான்ஸ் கொழுப்பாலும்தான். நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால், எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் ஈரலின் வேலை மந்தமாகும். மிஞ்சியது இதயத் தமனிச் சுவரில் படியும். தேங்காய் எண்ணெயில் கொலஸ்டிரால் கிடையாது. நிறைவுற்ற கொழுப்போ நூற்றுக்கு 80க்கு மேல். கடலை எண்ணெய் டின்னில் 'கொலஸ்டிரால் இல்லை' என்று போடுவது வெறும் விளம்பரம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லும்படியாக இராது.

பித்தத்துக்கு வருவோம். ஈரல் கொலஸ்டிராலைக் கொண்டுதான் பித்த அமிலம் செய்கிறது. வெண்டைக்காய், அவரை, பயறு இவற்றின் கரையும் நார் அந்த அமிலத்தைக் குடலில் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். புதிதாகச் செய்ய ஈரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை எடுத்துக்கொள்ளும், அளவு இறங்கும்.

அப்படியானால் 'பித்தக்கொழுப்பு' என்று தமிழில் சொல்லலாமே? பொருள் ஓரளவு சரி, ஊருக்கு ஒத்துவராது. பித்தம் என்று காதில் விழுந்தாலே இஞ்சியைத் தட்டிச் சாறு பிழிந்துவிடுவார்கள். பேச்சுக்கு 'ரத்தக் கொழுப்பு' போதும். எழுத்தில் கொலஸ்டிரால் என்றே இருக்கட்டும். ஏனென்றால், அதே ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு என்று தனி வரி இருக்கிறதே, அசல் கொழுப்பு அதுதான். ஜிகர்தண்டாவின் சர்க்கரைக் கணக்கு ஏறுவதும் அந்த வரியில்தான்.