எரியாத பொருளுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

களியக்காவிளையின் இருபுறமும், அதாவது குமரி மாவட்டத்தின் விளவங்கோடு பகுதியிலும் கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்திலும், சிறு தொழிற்கூடங்களுக்கும் தோட்டங்களுக்கும் வேதிப்பொருள் பாதுகாப்பு குறித்து ஆலோசனை சொல்வது என் தொழில். ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் பிளீச்சிங் பவுடரையோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையோ காட்டி, "இது தீப்பிடிக்குமா சார்?" என்று கேட்பார்கள். தானாக எரியாது என்று சொன்னவுடன் அந்த டப்பாவின் மீதிருந்த அக்கறை போய்விடும். அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் அடுத்த அறைக்கு நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், பாறசாலைக்கு அப்பால் ஒரு வீட்டு ரப்பர் கொட்டகையில் நான் பார்த்தது இது. மழை வெள்ளம் புகுந்த கிணற்றைச் சுத்தம் செய்ய வாங்கிய பிளீச்சிங் பவுடரில் மீதியை, மூடியில்லாத பழைய பெயிண்ட் வாளியில் கொட்டி வைத்திருந்தார்கள். மீதி இருந்ததில் வியப்பில்லை. வழக்கமான கிருமிநீக்கத்துக்கு 1000 லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை கிராம் போதும், நோய் பரவும் காலத்தில் அதன் இரு மடங்கு. பத்தாயிரம் லிட்டர் நிற்கும் உறைக்கிணற்றுக்குக் கூட ஐம்பது கிராமைத் தாண்டாத இந்தத் தூளை, நம் மக்கள் கிலோக் கணக்கில்தான் வாங்குகிறார்கள். வாளிக்கு மேல் பலகையில், ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலக் கேன் கசிந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் ஷீட் அடிக்க வந்த அம்மாவுக்குத் தொண்டை எரிந்து மூச்சுத் திணறியது. வழக்கமான ஆசிட் நெடிதான் என்று எண்ணி அவர் கால் மணி நேரம் உள்ளேயே நின்று வேலை செய்திருக்கிறார். உண்மையில் அது குளோரின் வாயு. காற்றைப் போல இரண்டரை மடங்கு எடையுள்ள அவ்வாயு தாழ்வான கொட்டகையின் தரையோடு தேங்கி நின்றது. அமிலம் பட்டால் பிளீச்சிங் பவுடர் குளோரினை விடும் என்பது பலருக்குத் தெரியும். ஃபார்மிக் அமிலம் கார்பன் அடங்கிய ஒரு கரிமச் சேர்மமும் ஆகையால், அதுவே ஆக்சிஜனேற்றம் அடைந்து கார்பன் டையாக்சைடாகவும் மாறும் என்பதும், மூடிய பாத்திரத்தில் அந்த வாயுக்களும் வெப்பமும் சேர்ந்து பாத்திரத்தையே வெடிக்க வைக்கும் என்பதும் தெரிந்தவர்கள் குறைவு.

எரிதல் என்பது கரிமப் பொருளில் உள்ள கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்வதுதான். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடே. எஞ்சிய நைட்ரஜன் வினையில் கலந்துகொள்ளாமல் வெப்பத்தின் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொள்கிறது. நாம் ஆக்சிஜனேற்றி என்றும் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஓக்சீகாரி என்றும் படிக்கிற பொருள்களில் பெரும்பாலானவை, ஆக்சிஜனைத் தம் மூலக்கூறுக்குள்ளேயே கட்டி வைத்திருப்பவை. நைட்ரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு, பெர்மாங்கனேட், குளோரேட், ஹைப்போகுளோரைட் எல்லாம் இவ்வகை. எண்ணெய், ஆல்கஹால், கிளிசரின், சர்க்கரை, மரத்தூள், கோணிச்சாக்கு என எந்தக் கரிமப் பொருளின் மீது இவை பட்டாலும், காற்றின் தயவில்லாமலே வினை தொடங்கிவிடக்கூடும். அதில் வரும் வெப்பம் வெளியேற வழியில்லையென்றால் வினையின் வேகம் கூடும், வேகம் கூடினால் வெப்பமும் கூடும். வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது எங்கள் தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு.

இதில் ஏமாற்றுவது தொடக்கத்தில் உள்ள அமைதிதான். கோவளம், விழிஞ்ஞம் பக்கத்து விடுதிகளில் நீச்சல் குளத்துக்கு வாங்கும் கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை, பிளீச்சிங் பவுடரைப் போல இரு மடங்கு வீரியமுள்ளது. அதன் மேல் வண்டியின் பிரேக் ஆயில் சிந்தினால் சிறிது நேரம் ஒன்றுமே நிகழாது. துடைக்கத் துணி எடுத்து வருவதற்குள் புகை எழும்பித் தீ சீறும். அதனால்தான், சிந்தியதைப் பார்த்தால் குனிந்து ஆராயாதீர்கள், முதலில் விலகுங்கள் என்று சொல்கிறேன். அளந்தெடுத்துக் கூடுதலானதை மீண்டும் டப்பாவில் போடுவதும், சமையலறைக் கரண்டியால் அள்ளுவதும் இதே ஆபத்தின் சிறு வடிவங்கள். மரப்பலகையும் கரிமப் பொருள்தான் என்பதை எத்தனை முறை சொன்னாலும், அடுத்த ஆய்வில் மூட்டை பலகை மேல்தான் இருக்கிறது.

அணைக்கும் முறையிலும் வழக்கமான அறிவு இங்கே கைகொடுக்காது. ஈரச்சாக்கைப் போட்டு மூடினால் சாதாரணத் தீ காற்றில்லாமல் அடங்கும். ஆக்சிஜனைத் தானே தருகிற பொருள் மூடலுக்குள்ளும் எரியும், சாக்கும் அதற்கு எரிபொருளாகும். அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் 1947 ஏப்ரல் 16 அன்று, கிராண்ட்கேம்ப் என்ற கப்பலில் அம்மோனியம் நைட்ரேட் உரம் தீப்பிடித்தது. கட்டிபிடிக்காமலிருக்க மெழுகு பூசி, காகிதப் பைகளில் அடைத்த உரம் அது. தண்ணீர் பட்டால் சரக்கு கெடும் என்று கருதி, கதவுகளை அடைத்து நீராவியைச் செலுத்தித் தீயை மூச்சுமுட்ட வைக்க முயன்றார்கள். கப்பல் வெடித்து, ஏறத்தாழ 580 பேர் இறந்தார்கள். நம்மூரில் இதன் சின்ன நகல், சிந்திய நைட்ரிக் அமிலத்தின் மேல் ரப்பர் மரத்தூளை அள்ளிப் போடுவது. அதற்கு உலர்ந்த மணல்தான் வேண்டும். ஆக்சிஜனேற்றி கலந்த தீக்கு, தொலைவில் நின்று அடிக்கும் ஏராளமான தண்ணீர் வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது நீரோடி முதல் பொழியூர் வரையுள்ள கடற்கரையில் ஃபைபர் வள்ளங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகைகள். ஃபைபர் இழைகளைப் பிணைக்கும் பிசினான ரெசினை இறுக வைக்க ஊற்றும் 'கெட்டலிஸ்ட்' என்பது மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. ஆக்சிஜனேற்றியும் எரிபொருளும் ஒரே மூலக்கூறில் இருக்கும் கரிமப் பெராக்சைடு அது. அதற்குப் பக்கத்தில் வேறெதுவும் இருக்கத் தேவையில்லை. ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் ஊதா நிறக் கோபால்ட் 'ஆக்சிலரேட்டர்' அதனோடு நேராகச் சேர்ந்தால் அது வெறியோடு சிதைந்து தீப்பற்றும். ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்கு கலக்கி முடித்த பிறகே, வேறு அளவையால் கெட்டலிஸ்டை ஊற்ற வேண்டும் என்ற வரிசையைப் பழைய ஆசாரிகள் பிழையின்றிச் செய்கிறார்கள். அவசரத்தில் ஒரே குவளையால் இரண்டையும் அளப்பவர்கள் புதிதாக வந்த பையன்கள். இரண்டு கேன்களையும் கொட்டகையின் எதிரெதிர்ச் சுவர்களில் வைக்கச் சொல்லி, குவளைகளுக்கு வெவ்வேறு நிறப் பெயிண்ட் பூச வைத்தேன். கெட்டலிஸ்ட் துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன், அந்த நொடியிலேயே தண்ணீரை இமைக்குள் ஊற்றத் தொடங்கிக் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். ஆகையால் கெட்டலிஸ்ட் இருக்கும் சுவரின் ஓரத்தில் எப்போதும் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கட்டும். அதில் யாரும் பிரஷ் கழுவ வேண்டாம்.